குதிரைப்படைத் தளபதி கில்லஸ்பி



1806ஆம் ஆண்டில் வேலூர்க் கோட்டைச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள் என்றும், ஆர்க்காட்டிலிருந்து வந்த கில்லஸ்பி என்னும் கர்னல் அவர்களை அடக்கினார் என்றும் தமிழக வரலாற்று நூல்கள் கூறும். 1811ஆம் ஆண்டில் மலாக்காவிலிருந்து புறப்பட்ட ஆங்கிலேயப் படை ஜாவாவைப் பிடித்தது என்று நம் நாட்டு வரலாற்று நூல்கள் கூறும். அந்தப் படையின் முன்னணியை நடத்தியவர் கில்லஸ்பி என்று அங்கும் ஒரு வரி வரும். இந்த இரண்டு வரிகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர் மிகச் சிலரே. இரண்டு இடத்திலும் வருபவர் ஒரே மனிதர். தென்னாட்டுச் சிப்பாய்களைச் சுவரோரம் நிறுத்திச் சுட ஆணையிட்டவர்தான், ஐந்தாண்டு கழித்து நம் மலாக்காவில் கப்பலேறினார். அவருடைய வாழ்க்கையை இன்று சற்று விரிவாகக் காண்போம்.

ராபர்ட் ரொல்லோ கில்லஸ்பி 1766ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 21ஆம் நாள் அயர்லாந்து நாட்டில், டவுன் மாவட்டத்துக் காம்பர் என்னும் சிற்றூரில் பிறந்தவர். வசதியான குடும்பம். படிப்பில் நாட்டம் செல்லவில்லை. 1783இல், பதினேழு வயதில், குதிரைப்படையில் கடைநிலை அதிகாரியாகச் சேர்ந்தார். உருவத்தில் சிறியவர், சினத்தில் பெரியவர். அக்காலத்து அயர்லாந்தில் கனவான்கள் தங்கள் மானப் பிரச்சினைகளை நீதிமன்றத்தில் தீர்த்துக்கொள்வதில்லை. ஆளுக்கொரு கைத்துப்பாக்கியுடன் எதிரெதிரே நின்று தீர்த்துக்கொள்வார்கள். 1787இல் அப்படியொரு சண்டைக்கு நண்பருக்குத் துணையாகச் சென்றவர் கில்லஸ்பி. நண்பரின் சண்டை ஒருவாறு முடிந்த பிறகு, எதிராளியாகிய பாரிங்டன் என்பவருக்கும் கில்லஸ்பிக்கும் வாய்ச்சண்டை முற்றி, துணைக்குப் போனவரே துப்பாக்கியைத் தூக்கினார். பாரிங்டன் இறந்தார். கில்லஸ்பியைக் குறிவைத்த குண்டு அவருடைய சட்டைப் பொத்தானில் பட்டு விலகிப் போயிற்று என்பார்கள். ஓடி ஒளிந்தவர் பின்னர் தாமே திரும்பி வந்து வழக்கைச் சந்தித்தார். 1788இல் விடுதலையும் பெற்றார்.

பின்னர் மேற்கிந்தியத் தீவுகளுக்குச் சென்றார். இன்று ஹெய்ட்டி என்று அழைக்கப்படும் நாட்டில் பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த போர்களில் ஈடுபட்டுக் காயமும் பட்டார். அங்கே ஓர் இரவு அவருடைய வீட்டில் எட்டுப் பேர் புகுந்துவிட, தனியொருவராக வாளேந்தி ஆறு பேரை வெட்டிச் சாய்த்தார் என்றும், மற்ற இருவர் ஓடிப் போயினர் என்றும் அவர் வரலாறு எழுதியோர் கூறுவர். பிற்காலத்தில் அவரை நேரில் கண்ட ஆங்கிலேய மன்னர், இந்தச் சிறிய மனிதரா அதைச் செய்தவர் என்று வியந்தாராம். உடனிருந்த அதிகாரி ஒருவர் சாட்டிய குற்றங்களுக்காக 1804இல் இராணுவ நீதிமன்றத்தில் நிற்க வேண்டியும் வந்தது. அதிலும் விடுதலைதான். ஆனால் கையில் காசு கரைந்துவிட்டது. கடன்பட்ட அதிகாரிகளுக்கு அந்நாளில் ஒரே வழி இந்தியா. 19ஆம் இலகு குதிரைப்படைக்கு மாற்றல் பெற்று, எல்லாரையும்போல் கப்பலேறாமல், வியன்னா, கான்ஸ்டான்டிநோபிள், அலெப்போ, பாக்தாத் என்று தரைவழி பிடித்து இந்தியாவந்து சேர்ந்தார். ஆர்க்காட்டுப் பாசறை அவர் பொறுப்பில் வந்தது.

நேயர்களே, இனி நாம் வேலூருக்கு வருவோம். இங்கேதான் சற்று நின்று பார்க்க வேண்டும்.

அந்த நாளையத் தென்னாடு எப்படி இருந்தது? 1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு சுல்தான் மாண்டார். அதே ஆண்டு வீரபாண்டிய கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801இல் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டனர். எதிர்த்து நிற்கப் பெரிய அரசன் எவனும் மிஞ்சவில்லை. திப்புவின் மக்களும் குடும்பத்தாரும் வேலூர்க் கோட்டைக்குள்ளிருந்த அரண்மனையில் காவலில் வைக்கப்பட்டிருந்தனர். இனிமேல் தென்னாட்டில் யார் நம்மைக் கேட்பது என்று கம்பெனியார் நினைத்திருந்த வேளை அது.

அந்த நினைப்பில்தான் 1805ஆம் ஆண்டு நவம்பரில் புதிய உடை ஒழுங்கு ஒன்று வந்தது. சென்னைப் படைத்தலைவர் சர் ஜான் கிரடாக். ஆளுநர் வில்லியம் பெண்டிங் பிரபு. சிப்பாய்கள் அணிவகுப்பில் நெற்றிக் குறி இடக்கூடாது. தாடியை மழிக்க வேண்டும். மீசையை ஒரே அளவாகக் கத்தரிக்க வேண்டும். காதணியைக் கழற்ற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பழைய தலைப்பாகைக்குப் பதில் தோல் குச்சம் வைத்த புதுத் தலைப்பாகை. அது பார்வைக்கு வெள்ளையரின் தொப்பியைப் போலவே இருந்தது. தொப்பிக்காரர் என்றால் வெள்ளைக்காரர் என்று பொருள்படும் காலம் அது. இந்துச் சிப்பாய்க்குத் தோல் ஆகாது. எந்த விலங்கின் தோலோ என்ற ஐயம் முஸ்லிம் சிப்பாய்க்கு. தொப்பி தலைக்கு ஏறினால் அடுத்து மதமும் போய்விடும் என்று இருவரும் அஞ்சினர். மறுத்துப் பேசியவர்களுக்கு 1806 மே மாதத்தில் கசையடி கிடைத்தது. முஸ்தபா பேக் என்னும் சிப்பாய், கிளர்ச்சி நடக்கப் போகிறது என்று முன்கூட்டியே வெள்ளை அதிகாரியிடம் சொன்னார். அவருக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று சொல்லி அவரையே அடைத்து வைத்தார்கள். எல்லாம் நடந்து முடிந்தபின் அவருக்குப் பரிசு தந்தார்கள்.

1806 சூலை 9ஆம் நாள் அரண்மனையில் திப்புவின் மகள் ஒருவருக்குத் திருமணக் கொண்டாட்டம். மறுநாள் அதிகாலையில் அணிவகுப்பு என்பதால், வழக்கமாக வெளியே குடிசைகளில் உறங்கும் சிப்பாய்கள் பலர் அன்றிரவு கோட்டைக்குள்ளேயே தங்கினர். நள்ளிரவு கடந்து ஏறத்தாழ 2 மணிக்குத் துப்பாக்கிகள் வெடித்தன. வெள்ளைச் சிப்பாய்கள் உறங்கிக்கொண்டிருந்த பாசறைக்குள் சன்னல் வழியே குண்டுகள் பாய்ந்தன. மருத்துவமனையில் கிடந்த நோயாளிகளும் தப்பவில்லை. கோட்டைத் தலைவர் கர்னல் பாங்கோர்ட் கொல்லப்பட்டார். அவர் மனைவி இரண்டு குழந்தைகளுடன் ஒளிந்து பிழைத்து, அந்த இரவின் கதையைப் பின்னாளில் எழுதி வைத்தார். அதிகாரிகள் 14 பேரும், வெள்ளைச் சிப்பாய்கள் 100க்கு மேற்பட்டோரும் மாண்டனர். விடியும்போது கோட்டையின் மேல் மைசூர்க் கொடி பறந்தது.

படுத்துறங்குவோரையும் நோயாளிகளையும் கொன்றது வீரமா என்று கேட்டால், அல்ல என்றுதான் நாம் சொல்வோம். நம்மவர் செய்தார்கள் என்பதற்காக அதை மறைத்துப் பேசுவது வரலாறு ஆகாது. ஆனால் கதை அங்கே முடியவில்லையே!

கோட்டைக்கு வெளியே இருந்த கோட்ஸ் என்னும் அதிகாரி வெடிச்சத்தம் கேட்டு ஆர்க்காட்டுக்கு ஆள் அனுப்பினார். வேலூருக்கும் ஆர்க்காட்டுக்கும் இடையே 16 மைல் தொலைவு. இன்றைய கணக்கில் 26 கிலோமீட்டர். பாங்கோர்ட் கில்லஸ்பிக்குப் பழைய நண்பர். அன்று காலை அவர் வீட்டில் உணவருந்தவே கில்லஸ்பி வேலூருக்குக் கிளம்பியிருந்தார் என்றும் கூறுவர். செய்தி கிடைத்ததும், கையில் அகப்பட்ட இருபது குதிரைவீரர்களோடு உடனே பாய்ந்தார். 19ஆம் படையின் மற்றவர்களும், குதிரைகள் இழுக்கும் சிறு பீரங்கிகளும், சென்னைக் குதிரைப்படையின் ஒரு பிரிவும் பின்னால் வரட்டும் என்று ஆணையிட்டார். அவர்களுக்காக அவர் காத்திருக்கவில்லை. காத்திருப்பது என்பது வாழ்நாள் முழுவதும் அவருக்குக் கைவராத பழக்கம்.

விசயநகரக் காலத்தில் எழுந்த கோட்டை அது. கருங்கல் மதில், சுற்றிலும் அகலமான அகழி. வாயிலின் உட்கதவு கிளர்ச்சிக்காரர் கையில். மதிலின் மேல் ஒரு மூலையில் வெள்ளைச் சிப்பாய்கள் ஏறத்தாழ அறுபது பேர் எஞ்சி நின்றனர். தோட்டா தீர்ந்துவிட்டது. அவர்களை நடத்த ஓர் அதிகாரி இல்லை. சார்ஜன்ட்டுகளும் இரண்டு மருத்துவ உதவியாளர்களும்தாம் இருந்தனர். தனியே முன்னால் பாய்ந்து வரும் குதிரைவீரரைக் கண்ட பிராடி என்னும் சார்ஜன்ட், மேற்கிந்தியத் தீவுகளில் தாம் பார்த்த கில்லஸ்பியேதான் அவர் என்று அடையாளம் கண்டு, கடவுளே அனுப்பிவிட்டார் என்று கூவினாராம். மேலிருந்தோர் தங்கள் தோள்வார்களை முடிச்சுப் போட்டுக் கயிறாக்கித் தொங்கவிட்டார்கள். நாற்பது வயதுத் தளபதி அதைப் பற்றிக்கொண்டு மதிலேறினார். அறுபது பேரையும் அணிவகுக்கச் செய்து, குண்டில்லாத துப்பாக்கியின் முனை ஈட்டியை மட்டும் நம்பி மதில்மேல் பாய்ந்து இடம் பிடித்தார். பீரங்கிகள் வந்ததும் வாயில் தகர்ந்தது. குதிரைகள் உள்ளே புகுந்தன.

துணிவு என்றால் இது துணிவுதான். பகைவர் செய்தாலும் துணிவு துணிவே.

அதன்பின் நடந்ததையும் கேளுங்கள். குதிரைப்படை புகுந்தபின் நடந்தது போரன்று, வேட்டை. அரண்மனைக்குள் அடைக்கலம் தேடி ஓடியிருந்த சிப்பாய்கள் ஏறத்தாழ நூறு பேரை வெளியே கொண்டுவரச் செய்தார் கில்லஸ்பி. அவர்களை ஒரு சுவரோரம் நிறுத்தினார்கள். விசாரணை இல்லை, கேள்வி இல்லை. அத்தனை பேரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். வாயிலைத் தகர்த்த பொறியாளர் பிளாக்கிஸ்டன் இதை நேரில் கண்டவர். அது முறையான, உடனடி நீதி என்றே தாம் கருதியதாகப் பிற்காலத்தில் எழுதினார். அன்று மாண்ட சிப்பாய்கள் 350 பேர் என்பது ஒரு கணக்கு, 800 பேர் என்பது இன்னொரு கணக்கு. எண்ணிப் பார்க்க எவரும் அக்கறைப்படவில்லை என்பதையே இந்த வேறுபாடு காட்டுகிறது. பின்னர் முறைப்படி விசாரணை நடந்து, ஆறு பேர் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடிக்கப்பட்டனர். ஐவர் சுடப்பட்டனர். எண்மர் தூக்கிலிடப்பட்டனர். ஐவர் நாடு கடத்தப்பட்டனர்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கில்லஸ்பியின் பின்னால் வந்த சென்னைக் குதிரைப்படையில் இருந்தவர்களும் நம் நாட்டார்தாம். உள்ளே இருந்தவர் தலைமேல் வாளை வீசியவர்களில் அவர்களும் உண்டு.

தோட்டப் பள்ளியில் இப்பாடத்தை நடத்தும்போதெல்லாம் பின்வரிசையிலிருந்து ஒரு கேள்வி தவறாமல் வரும்: “சார், அவர் நல்லவரா, கெட்டவரா?” படம் பார்த்துப் பழகிய பிள்ளைகள், இரண்டில் ஒன்றைச் சொல்லிவிட்டால் எழுதிக்கொண்டு அடுத்த பக்கத்திற்குப் போய்விடுவார்கள். நாமோ கரும்பலகையில் ஒரு கோட்டையை வரைந்து, மதிலின் மேல் அறுபது புள்ளிகளும் சுவரோரம் நூறு புள்ளிகளும் வைப்போம். அந்த அறுபது பேரின் தாய்மாரைக் கேட்டால் என்ன சொல்வார்கள்? நூறு பேரின் தாய்மாரைக் கேட்டால் என்ன சொல்வார்கள்? வகுப்பு சற்று நேரம் அமைதியாக இருக்கும். ஹென்றி நியூபோல்ட் என்னும் ஆங்கிலக் கவிஞர் கில்லஸ்பியின் பெயரையே தலைப்பாக வைத்து ஒரு கவிதை பாடியிருக்கிறார். அது ஆர்க்காட்டிலிருந்து வந்த சவாரியைப் பாடுகிறது. சுவரைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

வேலூருக்குப் பிறகு தலைப்பாகை ஆணை கைவிடப்பட்டது. பெண்டிங்கும் கிரடாக்கும் திருப்பி அழைக்கப்பட்டனர். திப்புவின் குடும்பம் கல்கத்தாவுக்கு மாற்றப்பட்டது. கில்லஸ்பியின் புகழ் மட்டும் ஏறிக்கொண்டே போயிற்று.

இப்பொழுது கடல் கடந்து நம் பக்கம் வருவோம். ஐரோப்பாவில் நெப்போலியன் ஆலந்து நாட்டைத் தன் பிடிக்குள் கொண்டுவந்துவிட்டதால், டச்சுக்காரரின் ஜாவாவும் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனதுபோல் ஆயிற்று. அதைப் பிடித்துவிட வேண்டும் என்று தலைமை ஆளுநர் மிண்டோ பிரபுவுக்கு ஊக்கம் கொடுத்தவர் பினாங்கில் பணியாற்றிய ஸ்டாம்போர்டு ராபிள்ஸ். 1811ஆம் ஆண்டு நடுவில் மலாக்காத் துறைமுகத்தில் ஏறத்தாழ 100 கப்பல்கள் கூடின. படையினர் ஏறக்குறைய 12,000 பேர்; அவர்களில் பாதிப்பேர் இந்தியச் சிப்பாய்கள், பெரும்பாலும் வங்காளப் படையைச் சேர்ந்தவர்கள். சிறிய ஊராகிய மலாக்கா இத்தனை பேரை அதற்கு முன் கண்டதில்லை.

அந்தக் காட்சியைக் கண்டவர்களில் ஒரு மலாக்காச் சிறுவனும் இருந்தான். பிற்காலத்தில் முன்ஷி அப்துல்லா என்று புகழ்பெற்று, மலாய் உரைநடைக்குப் புதுவழி காட்டியவர் அவர். நாகூரில் குடியேறி மணம் செய்துகொண்ட அராபியர் ஒருவரின் வழிவந்தவர். மலாக்காவில் வாணிகத்துக்குத் தமிழ் வேண்டும் என்பதால் தமிழ் படித்தவர். மிண்டோ பிரபுவின் வருகையையும், அவருடைய எளிய உடையையும், சிறையில் கிடந்தோரை அவர் விடுவித்ததையும் அப்துல்லா தம் வரலாற்றில் எழுதியுள்ளார். அந்தப் பகுதியைப் படிக்கும்போது, அந்தக் கூட்டத்தில் எங்கோ ஒரு குதிரையின் மேல் வேலூர்க் கில்லஸ்பியும் இருந்தார் என்பதை நாம் நினைத்துக்கொள்ளலாம்.

சூன் மாதத்தில் கப்பல்கள் புறப்பட்டன. ஆகஸ்டு 4ஆம் நாள் பத்தாவியாவுக்கு அருகில் படை இறங்கியது. பத்தாவியா என்பது இன்றைய ஜகார்த்தா. தலைமைத் தளபதி சர் சாமுவேல் ஆக்மட்டி. முன்னணிப் படை கில்லஸ்பியிடம். நகரம் எளிதில் வந்தது. பகைவர் பின்வாங்கிக் கொர்னேலிஸ் என்னும் கோட்டையில் அரண் அமைத்துக் காத்திருந்தனர். ஆகஸ்டு 26ஆம் நாள் விடியும் முன் கில்லஸ்பி அதன்மேல் பாய்ந்தார். கடுங்காய்ச்சலோடு போரிட்டவர் நடுவில் மயங்கி விழுந்தார்; தெளிந்ததும், கைப்பற்றிய பீரங்கி வண்டியிலிருந்து ஒரு குதிரையை அவிழ்த்து ஏறிக்கொண்டு, ஓடும் பகைவரைப் பல மைல் துரத்தினார் என்பர். ஏறத்தாழ 5,000 பேர் சிறைப்பட்டனர். செப்டம்பரில் ஆளுநர் ஜான்சென்ஸ் பணிந்தார். ராபிள்ஸ் ஜாவாவின் துணை ஆளுநர் ஆனார். கில்லஸ்பி அங்கே படைத்தலைவர் ஆனார். ஓர் உறையில் இரண்டு கத்தி!

1812இல் கில்லஸ்பி சுமத்திராவின் பலெம்பாங்கிற்கு அனுப்பப்பட்டார். அங்கிருந்த டச்சுக் காவற்படையினர் முந்தைய செப்டம்பரில் கொல்லப்பட்டிருந்தனர். அதற்குப் பழிவாங்குவதாகச் சொல்லிக்கொண்டு படை சென்றது. சுல்தான் மகமுட் பதாருடினுக்கு ராபிள்ஸ் முன்பு எழுதிய கடிதங்களே அந்தக் கொலைக்குத் தூண்டுகோல் என்று கருதும் வரலாற்றாசிரியர் உண்டு. இன்றும் அந்த வாதம் தீரவில்லை. கில்லஸ்பி தம் வழக்கப்படியே செய்தார். பெரும்படையை ஆற்றில் பின்னால் விட்டுவிட்டு, ஏப்ரல் 25ஆம் நாள் இரவில் ஒரு சிறு குழுவோடு நகரத்துக்குள் நடந்து அரண்மனையைப் பிடித்துக்கொண்டார். சுல்தான் முன்பே ஊரைவிட்டு நீங்கியிருந்தார். சுல்தானின் தம்பி அரியணையில் அமர்த்தப்பட்டார். ஈயவளம் மிக்க பங்கா தீவு ஆங்கிலேயர் கைக்கு வந்தது. பழி வாங்கப் போனவர்கள் வாங்கி வந்தது ஈயம். நம் நாட்டில் ஈயத்துக்காக நடந்த சண்டைகளை அறிந்த நமக்கு இதில் வியப்பில்லை.

அதே ஆண்டு சூன் 20ஆம் நாள் யோக்யாகர்த்தா. சுல்தான் இரண்டாம் அமங்குபுவனாவின் அரண்மனை மதிலும் அகழியும் சூழ்ந்தது; உள்ளே பல்லாயிரம் பேர். கில்லஸ்பியிடம் இருந்தவர் ஆயிரத்துச் சொச்சம், பெரும்பகுதியினர் சிப்பாய்கள். விடியற்காலையில் ஏணி வைத்து ஏறினார்கள். சில மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. கில்லஸ்பிக்குக் கையில் காயம். கருவூலம் பங்கிடப்பட்டது. அரண்மனை நூலகத்துச் சுவடிகளை ராபிள்ஸ், கிராபர்டு, காலின் மெக்கன்சி ஆகியோர் எடுத்துச் சென்றனர். தமிழகத்துக் கல்வெட்டுகளையும் ஊர்க் கதைகளையும் தேடித் தொகுத்த அதே மெக்கன்சிதான் இவர். அந்தச் சாவகச் சுவடிகளில் 75 பிரித்தானிய நூலகத்தால் படி எடுக்கப்பட்டு, கணினிப் படிகளாக 2019இல் இன்றைய சுல்தானிடம் தரப்பட்டன. மூலச் சுவடிகள் இலண்டனில்தான் இருக்கின்றன. அரியணை இழந்த சுல்தானை எங்கே அனுப்பினார்கள் தெரியுமா? நம் பினாங்குக்கு!

உறைக்குள் இருந்த இரண்டு கத்திகளும் விரைவில் உரசின. செலவைக் குறைக்கப் படையைக் குறைக்க வேண்டும் என்றார் ராபிள்ஸ். கூடாது என்றார் கில்லஸ்பி. 1813இல் ஜாவாவை விட்டுச் சென்ற கில்லஸ்பி, அரசு நிலங்களை விற்றதில் ராபிள்ஸ் தமக்கும் பங்கு வாங்கிக்கொண்டார் என்பது முதலிய குற்றச்சாட்டுகளைக் கல்கத்தாவில் பதிவு செய்தார். ராபிள்ஸ் ஜாவாப் பதவியை இழந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அவர் மானத்துக்குக் குறைவில்லை என்று கம்பெனியார் பின்னர் தீர்த்துவிட்டனர். அதைக் கேட்கக் கில்லஸ்பி உயிரோடு இல்லை.

1814இல் கம்பெனிக்கும் நேபாளத்துக்கும் போர் மூண்டது. மேஜர் ஜெனரலாக உயர்ந்திருந்த கில்லஸ்பி ஏறத்தாழ 3,500 பேரோடு தேராதூன் நோக்கிச் சென்றார். நளாபானி என்னும் இடத்தில் ஒரு குன்று. உச்சியில் களுங்கா என்னும் சிறு கோட்டை. வேலூர் மதிலோடு ஒப்பிட்டால் அது ஒரு வேலிதான். உள்ளே பலபத்ர குன்வர் என்னும் தலைவரின் கீழ், பெண்கள் குழந்தைகள் உட்பட 600 பேர் அளவில் இருந்தனர்.

அக்டோபர் 31ஆம் நாள் காலை தாக்குதல். படையை நான்காகப் பிரித்து, பீரங்கி ஒலி அடையாளம் கேட்டதும் நாலா பக்கமும் ஒரே நேரத்தில் ஏறுவது என்பது திட்டம். நல்ல திட்டந்தான். ஆனால் கோட்டையிலிருந்து கூர்க்காக்கள் சிலர் வெளியே வந்து மோதிவிட்டுத் திரும்பியதைக் கண்டார் கில்லஸ்பி. அவர்களைத் துரத்திக்கொண்டே உள்ளே புகுந்துவிடலாம் என்று எண்ணினார். குறித்த நேரத்துக்கு முன்பே தாக்க ஆணையிட்டார். மற்றப் பிரிவுகளுக்கு அடையாளம் கேட்கவே இல்லை. குதிரையை விட்டிறங்கிய குதிரைவீரர்கள் வாளோடு குன்றேறினர். முதல் அலை சிதறியது. மீண்டும் மீண்டும் படைகளை ஏவினார். வீரர்கள் தயங்கினர். அவர்களுக்கு முன்னால் தாமே ஓடினார். வேலிக்குச் சில கசத் தொலைவில், ஒரு கையில் வாளும் மறு கையில் தொப்பியுமாக அழைத்துக்கொண்டிருந்தபோது நெஞ்சில் குண்டு பாய்ந்தது. பிறந்த மாவட்டமாகிய டவுனின் பெருமையைச் சொல்லிக்கொண்டே விழுந்தார் என்பர். வயது 48.

வேலூரில் இருபது பேரோடு காத்திராமல் பாய்ந்தது அறுபது உயிர்களைக் காத்தது. பலெம்பாங்கில் காத்திராமல் நடந்தது ஒரு நகரத்தைத் தந்தது. களுங்காவிலும் அவர் புதிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. அதே செயல்தான். உள்ளே இருந்தவர்கள்தாம் வேறு.

நவம்பர் 27ஆம் நாள் மீண்டும் தாக்கினார்கள், மீண்டும் தோற்றார்கள். கோட்டையில் இருந்த மொத்த ஆட்களைவிட ஆங்கிலேயர் பக்கம் இறந்தவரும் காயம்பட்டவரும் அதிகம். பிறகுதான் பொறுமை வந்தது. கோட்டைக்குத் தண்ணீர் போகும் வழியை அடைத்துவிட்டுப் பீரங்கியால் இடைவிடாது அடித்தார்கள். ஒரு நாள் தாடை உடைந்த கூர்க்கா வீரன் ஒருவன் கையசைத்துக்கொண்டே இறங்கி வந்து, ஆங்கிலேய மருத்துவரிடம் சிகிச்சை பெற்றான். குணமானதும், மீண்டும் போரிடத் தன் படைக்குத் திரும்பிப் போக விடை கேட்டானாம்! நவம்பர் இறுதியில் பலபத்ரர் எஞ்சிய எழுபது பேர் அளவினரோடு முற்றுகையைப் பிளந்துகொண்டு வெளியேறினார். இந்தப் போரில் கண்ட வீரத்தால்தான் 1815இலிருந்து ஆங்கிலேயர் கூர்க்காக்களைத் தம் படையில் சேர்க்கத் தொடங்கினர். 1948 முதல் 1960 வரை இந்நாட்டில் அவசரகாலம் நடந்தபோது, தோட்டத்துச் சாலைகளிலும் காடுகளிலும் காவல் சுற்றிய கூர்க்காப் படைகளை நம் பெரியவர்கள் கண்டிருப்பார்கள்.

கில்லஸ்பியின் உடல் மீரட்டில் அடக்கம் செய்யப்பட்டது. இறந்த செய்தி இலண்டனுக்கு எட்டும் முன்பே, 1815 சனவரி முதல் நாளில் அவருக்குச் ‘சர்’ பட்டம் அறிவித்தார்கள். இலண்டன் செயின்ட் பால் பேராலயத்தில் சிலை வைத்தார்கள். காம்பர் ஊர்ச் சதுக்கத்தில் 1845இல் உயர்ந்த தூண் ஒன்றை நிறுத்தி, அதன் உச்சியில் அவர் உருவத்தை வைத்தார்கள். களுங்காவில் இரண்டு கல்தூண்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஒன்று கில்லஸ்பிக்கும் அவரோடு விழுந்தவர்களுக்கும். மற்றொன்று பலபத்ரருக்கும் அவருடைய கூர்க்காக்களுக்கும். இரண்டையும் எழுப்பியவர் ஆங்கிலேயரே.

வேலூரில் ஆங்கிலேயர் அப்படி இரண்டாவது தூண் வைக்கவில்லை. இந்தியா விடுதலை பெற்ற பின்னரே சிப்பாய்களுக்கென்று ஒரு நினைவுத்தூண் அந்நகரில் எழுந்தது. 2006இல், இருநூறு ஆண்டு நிறைவின்போது, இந்திய அஞ்சல் துறை ஓர் அஞ்சல்தலை வெளியிட்டது. கோட்டை இன்றும் இருக்கிறது. அகழியில் தண்ணீர் இருக்கிறது. சலகண்டேசுவரர் கோயிலுக்கு மக்கள் போய்வந்துகொண்டிருக்கிறார்கள். தமிழகத்துக்குப் போகும் நேயர்கள் வேலூர் வழியாகச் செல்ல நேர்ந்தால், கோயிலை வணங்கிவிட்டு, அரண்மனைக் கட்டடங்கள் இருக்கும் பக்கமும் ஒரு முறை நடந்து பாருங்கள்.